பிட்யூட்டரி கட்டி: பூனைக்காலியா, மஞ்சளா, கேபர்கோலினா?

எனக்கு இருப்பது 7 மில்லிமீட்டர் புரோலாக்டினோமா, அதாவது புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி கட்டி. ஆறு வருடமாக, நடுவில் ஒரு சின்ன இடைவெளி தவிர, ஞாயிறும் புதனும் ராத்திரி, சாப்பிட்ட கையோடு, கேபர்கோலின் மாத்திரையை நடுக்கோட்டில் உடைத்துப் பாதியைப் போட்டுக்கொண்டு மீதியை அட்டைக்குள்ளேயே திரும்பச் சொருகி வைப்பேன். நான்கு மாத்திரை உள்ள அட்டை நான்கு வாரம் ஓடும். இவ்வளவுதான் என் வைத்தியம். ஆனாலும் இதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "இதுக்கு நம்ம பக்கத்து மருந்து ஒண்ணும் இல்லையா?" என்றுதான்.

சமீபத்தில் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவருக்குப் புரோலாக்டின் கூடி 60, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இன்னொருவரின் அம்மாவுக்கு குஷிங் நோய். மூன்றாமவருக்கு அக்ரோமெகலி, மோதிரமும் செருப்பும் சின்னதாகிக்கொண்டே போன பிறகுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். மூவருமே ஒரே மஞ்சள் கேப்ஸ்யூல் விளம்பரத்தை அனுப்பி "இது எடுக்கலாமா?" என்றார்கள். மூன்றும் மூன்று விதமான பிரச்சினை, ஆகவே ஒரே பதில் கிடையாது. நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த வரிசையில் இரண்டு சரக்கை நானே விழுங்கிப் பார்த்திருக்கிறேன், மற்றதை உட்கார்ந்து படித்திருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: எந்த ஹார்மோன்? பிட்யூட்டரி என்பது மூளைக்கு அடியில், ஒரு எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் பட்டாணி அளவு சுரப்பி. அதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஆனால் எந்த செல்லிலிருந்து கிளம்பியதோ அதைப் பொறுத்துப் புரோலாக்டினைக் கொட்டும், அல்லது வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டும் (அக்ரோமெகலி), அல்லது கார்டிசாலை ஏற்றிவிடும் (குஷிங்), அல்லது எதையும் சுரக்காமல் சும்மா வளரும். ஒன்றுக்குக் கேட்கிற மருந்து மற்றதுக்கும் கேட்கும் என்று நம்பக் காரணமே இல்லை.

இரண்டாவது, அது எதில் வேலை செய்தது? கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலா, எலியிலா, மனிதரிலா? தட்டில் இருக்கும் கட்டி செல்லைக் கொல்வது ஒரு பெரிய விஷயமே இல்லை, வினிகர் ஊற்றினாலும் செத்துவிடும்.

மூன்றாவதுதான் பலரும் கோட்டைவிடுவது: இறங்குவது எண் மட்டுமா, கட்டியும் சுருங்குகிறதா? புரோலாக்டின் சுரப்பைச் சாதாரணமாக டோபமின் என்ற மூளை ரசாயனம்தான் அடக்கி வைக்கிறது. அந்த டோபமின் மூளையிலிருந்து ஒரு காம்பு வழியாகப் பிட்யூட்டரிக்கு இறங்குகிறது. எந்தக் கட்டியாக இருந்தாலும் பெரிதாகி அந்தக் காம்பை நெருக்கினால் புரோலாக்டின் கொஞ்சம் ஏறும். பெரும்பாலும் 100க்குள் நிற்கும். அப்படிப்பட்டவர் டோபமின் போல வேலை செய்கிற எதைச் சாப்பிட்டாலும், மூலிகையோ மாத்திரையோ, ரிப்போர்ட்டில் புரோலாக்டின் அழகாக இறங்கிவிடும். கட்டி பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். மேலே இருக்கிற பார்வை நரம்பு நசுங்கிப் பக்கவாட்டுப் பார்வை போகும், ஓரத்திலிருந்து வருகிற பைக் தெரியாது. எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த மாதங்கள் திரும்பி வராது.

அப்புறம் இரண்டு: வாயில் போட்டது ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறதா, இதைச் சாப்பிடுவதற்காக எதைத் தள்ளிப்போடுகிறோம்.

| வழி | எந்தக் கட்டிக்குப் பேசப்படுகிறது | மனிதரிடம் ஆதாரம் | கட்டி சுருங்குமா | தெரியாமல் வரும் செலவு |
|---|---|---|---|---|
| கேபர்கோலின், ப்ரோமோக்ரிப்டின் | புரோலாக்டினோமா | பலமானது | பெரும்பாலோருக்குச் சுருங்கும் | குமட்டல், தலைசுற்றல், சிலருக்கு மனக்கட்டுப்பாடு தளர்தல் |
| பூனைக்காலி | புரோலாக்டின் கூடுதல் | கட்டி இல்லாதவர்களிடம் மட்டும் | காட்டப்படவில்லை | சில மணி நேரமே வேலை, அளவு நிச்சயமில்லை |
| விடெக்ஸ் (ஒரு மூலிகை) | லேசான புரோலாக்டின் கூடுதல் | சிறிய ஆய்வுகள் | காட்டப்படவில்லை | குறைந்த அளவில் எதிர்மாறாகப் போகலாம் |
| குர்குமின் (மஞ்சளில் இருப்பது) | எல்லா வகைக்கும் | கட்டிக்கு இல்லை. செல், எலி | எலியில் மட்டும் | ரத்தத்தில் ஏறாது. ஏற்றிவிட்டால் கல்லீரல் |
| சிலிபினின் (ஒரு முட்செடி விதையில் இருப்பது) | குஷிங் | நிறுவப்படவில்லை. செல், எலி | எலியில் மட்டும் | தாமதம் |

## ஏற்கெனவே ஜெயித்த இயற்கைச் சரக்கு

"கெமிக்கல் மாத்திரை வேண்டாம், இயற்கையாக எதாவது" என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது கேபர்கோலினின் பூர்வீகத்தைத்தான். ரை என்ற தானியக் கதிரில் பிடிக்கும் எர்காட் பூஞ்சையில் இருக்கிற ஆல்கலாய்டு குடும்பத்திலிருந்து வந்தது அது. செடி இல்லை, செடியில் தொற்றுகிற பூஞ்சை. அந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன். அதே பேரினத்துப் பூஞ்சை ஒன்று நம் கம்புக் கதிரிலும் வரும், விவசாயத் துறைக்காரர்கள் தேன் ஒழுகல் நோய் என்பார்கள். 1950களில் ரொடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், எர்காட் பிடித்த கம்பைத் தின்ற தாய்ப் பன்றிகளுக்குக் குட்டி போட்ட பிறகு பாலே சுரக்கவில்லை என்று கால்நடை மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்தான் புரோலாக்டின். எர்காட்டின் அந்தக் குணத்தை மட்டும் பிரித்தெடுத்து, ரத்தக் குழாயைச் சுருக்கிக் கைகால் அழுக வைக்கும் விஷக் குணத்தைக் கழிக்க முயன்று, 1960களின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனியில் உருவானதுதான் ப்ரோமோக்ரிப்டின். கேபர்கோலின் அதற்குப் பின்னால் வந்த தம்பி.

1994இல் 459 பெண்களை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கேபர்கோலின் எடுத்தவர்களில் 83 சதவீதம் பேருக்குப் புரோலாக்டின் நிலையாக இயல்புக்கு வந்தது, ப்ரோமோக்ரிப்டினில் 59 சதவீதம். பக்கவிளைவு தாங்காமல் நிறுத்தியவர்கள் கேபர்கோலினில் 3 சதவீதம், ப்ரோமோக்ரிப்டினில் 12 சதவீதம். இது எண் மட்டும் இறங்குகிற கதையும் இல்லை, புரோலாக்டினோமாவில் கட்டியே சுருங்கும்.

குறை இல்லாத மருந்தா? இல்லை. முதல் மாதம் எழுந்து நின்றாலே தலை சுற்றும், அதனால்தான் ராத்திரி. பார்க்கின்சன் நோய்க்குத் தினமும் பெரிய அளவில் கொடுத்தபோது இதய வால்வு தடிப்பது தெரியவந்தது. எங்களைப் போன்றவர்கள் எடுப்பது ஒரு வாரத்துக்கே 0.5 முதல் 2 மில்லிகிராம் வரைதான், இருந்தாலும் டோஸ் கூடினால் எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். இன்னொன்றை டாக்டர்கள் அவசரத்தில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: சிலருக்குச் சூதாட்டம், கண்டபடி வாங்குவது போன்றவற்றில் கட்டுப்பாடு போய்விடும். முதல் வருடம் நடுராத்திரியில் போனில் மூன்று இட்லிக் குண்டான் ஆர்டர் செய்தேன். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். மாத்திரையின் வேலையா என் புத்தியா என்று இன்றுவரை தெரியாது, ஆனால் வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கவிளைவைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

## பூனைக்காலி

மூலிகைகளில் கொஞ்சமாவது தர்க்கம் இருப்பது இதில்தான். பூனைக்காலி விதையில் எடைக்கு ஏறக்குறைய 4 முதல் 6 சதவீதம் எல்-டோபா இருக்கிறது. உடம்பு அதை டோபமினாக மாற்றும், டோபமின் புரோலாக்டினை அடக்கும். லக்னோவில் 2009இல் வெளியான ஆய்வில் குழந்தையின்மைக்காக வந்த ஆண்களுக்குத் தினம் 5 கிராம் விதைப் பொடியைப் பாலில் மூன்று மாதம் கொடுத்தபோது புரோலாக்டின் குறைந்தது. சரி. ஆனால் அவர்கள் கட்டி உள்ளவர்கள் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிராம் பொடி என்றால் 200 முதல் 300 மில்லிகிராம் எல்-டோபா. பார்க்கின்சன் மாத்திரையில் இருக்கிற அதே பொருள்தான், அளவும் அற்பமில்லை. அந்த மாத்திரையில் கார்பிடோபா என்று துணைக்கு ஒன்று சேர்த்திருப்பார்கள், மூளைக்குப் போவதற்கு முன்பே எல்-டோபா கரைந்து குமட்டலைக் கிளப்பாமல் இருக்க. பொடியில் அந்தத் துணை கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். எல்-டோபா சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அடங்கியிருந்த புரோலாக்டின் திரும்ப எழும்பும். 1970களிலேயே எல்-டோபாவைப் புரோலாக்டினுக்குக் கொடுத்துப் பார்த்து இந்தக் காரணத்தால்தான் கைவிட்டார்கள். கேபர்கோலினின் பாதி அளவு உடம்பை விட்டுப் போகவே கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும், அதனால்தான் வாரம் இரண்டு முறை போதும்.

என் கதை இதில்தான் இருக்கிறது. இரண்டாம் வருடம் உறவுக்காரர் ஒருவர் சொல்லிக் கேபர்கோலினை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறினேன். பாலில் வேகவைத்துத் தோல் நீக்கி அரைத்தது என்று நாட்டு மருந்துக்கடையில் சொன்னார்கள். காலையில் ஒரு ஸ்பூன். பத்து மணி வரை குமட்டும். தெருமுனை மெடிக்கலில் சொன்னேன், "கேஸ்தான்மா" என்று வெறும் வயிற்றில் போட ஒரு கேப்ஸ்யூல் கொடுத்தார்கள், ஒரு மாதம் போட்டேன். ஒன்றரை மாதம் கழித்து ரத்தம் கொடுத்தால், மாத்திரையில் 14ஆக இருந்த புரோலாக்டின் 96. டாக்டர் என்னைத் திட்டவில்லை. கேப்ஸ்யூல் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பாண்டோபிரசோலோடு டாம்பெரிடோன் சேர்ந்தது. டாம்பெரிடோன் டோபமினுக்கு நேர் எதிரி, பிட்யூட்டரியில் போய் அதன் கதவையே அடைத்துப் புரோலாக்டினை ஏற்றிவிடும். ஒரு கையால் டோபமினை ஊற்றி, மறு கையால் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். லெவோசல்பிரைடு, மெட்டோக்ளோப்ரமைடும் இதே ரகம். நம் ஊரில் அஜீரணம் என்றாலே இவற்றில் ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. முதலில் சொன்ன அந்தப் புரோலாக்டின் 60காரரும் இந்தக் கேப்ஸ்யூலை ஒரு வருடமாகத் தினமும் போடுகிறவர்தான். அவருக்கு மூலிகையும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். டாக்டரிடம் சொல்லி அதை நிறுத்திவிட்டுத் திரும்ப டெஸ்ட் எடுக்கவேண்டியதுதான். கூடவே தைராய்டும் பார்க்கவேண்டும், தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும்.

மனநோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் பூனைக்காலியைத் தொடவே வேண்டாம். டோபமினைக் கூட்டினால் நோய் கிளம்பலாம்.

## விடெக்ஸ்: நொச்சி என்று நினைத்து ஏமாற வேண்டாம்

ஜெர்மனியில் மாதவிடாய்க்கு முந்தைய உபாதைக்கும் மார்பு வலிக்கும் பெண்கள் நெடுங்காலமாக எடுக்கிற செடி, விடெக்ஸ் அக்னஸ் காஸ்டஸ். மத்தியதரைக் கடல் பக்கத்துப் புதர். இதன் பழத்தில் உள்ள டைடெர்பீன் என்கிற சில வேதிப்பொருள்கள் டோபமின் ஏற்பியில், அதாவது செல்லில் டோபமின் வந்து ஒட்டும் இடத்தில், உட்காருகின்றன, அதனால் லேசாகக் கூடிய புரோலாக்டின் இறங்குவதைச் சின்னச் சின்ன ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் வேலியோரத்து நொச்சி இதே பேரினம், ஆனால் வேறு செடி. ஜெர்மன் சாற்றில் கண்ட பலன் நம் நொச்சி இலைக் கஷாயத்தில் கிடைக்கும் என்று யாரும் காட்டவில்லை. நொச்சியை ஆவி பிடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த, பயமும் தருகிற தகவல் ஒன்று. 1996இல் வெளியான ஒரு ஆய்வில் ஆரோக்கியமான 20 ஆண்களுக்கு வெவ்வேறு அளவில் கொடுத்துப் பார்த்தபோது, குறைந்த அளவில் புரோலாக்டின் கூடியது, அதிக அளவில் குறைந்தது. அதாவது டப்பாவில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் திசையே மாறிப்போகலாம். கட்டி இல்லை என்று எம்ஆர்ஐ சொல்லி, புரோலாக்டின் லேசாகத்தான் கூடியிருந்து, மார்பு வலிதான் பெரிய தொல்லை என்றால், தரம் உறுதியான சாறு கிடைத்தால், டாக்டரிடம் கேட்டு எடுத்துப் பார்க்க நியாயம் இருக்கிறது. கட்டி இருப்பவருக்கு இல்லை. கர்ப்பத்துக்கு முயல்பவர்கள் இன்னும் கவனம்: புரோலாக்டின் இறங்கினால் மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளிவரலாம், கர்ப்பமானது தெரியாமலே சாறும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

## மஞ்சள், அதாவது குர்குமின்

விளம்பரங்கள் மேற்கோள் காட்டுகிற ஆய்வுகள் பொய்யில்லை. 2008இல் அமெரிக்காவிலும் 2009இல் ஜெர்மனியின் முனிச்சிலும் குர்குமின் பிட்யூட்டரி கட்டி செல்களின் பெருக்கத்தைத் தடுத்தது, ஹார்மோனைக் குறைத்தது, எலிக்குள் வைத்த கட்டியைச் சிறிதாக்கியது. அவற்றில் அதிகம் பயன்பட்ட ஜிஎச்3 செல், ஓர் எலியின் கட்டியிலிருந்து எடுத்துப் பல பத்தாண்டுகளாக ஆய்வகத்தில் வளர்த்துவருவது. முனிச்காரர்கள் மனிதக் கட்டி செல்லிலும் பார்த்தார்கள், ஆனால் அதுவும் தட்டில்தான்.

தட்டில் செல்லை நேரடியாகக் குர்குமினில் நனைக்கலாம், மனிதரை நனைக்க முடியாது. ஒரு டம்ளர் மஞ்சள் பாலில் அரை டீஸ்பூன் போட்டால் ஒன்றரை கிராம் மஞ்சள், அதில் குர்குமின் 3 சதவீதம் என்று வைத்தால் 45 மில்லிகிராம். பெங்களூரில் 1998இல் 2 கிராம் குர்குமினையே, அதாவது அந்த மாதிரி நாற்பது டம்ளருக்கு மேல் சமம், வெறுமனே கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் ஒன்றும் இல்லாத மாதிரிதான் இருந்தது. கூடவே மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோதுதான் 20 மடங்கு கூடியது. ஒன்றுமில்லாததன் 20 மடங்கு எவ்வளவு என்பதையும் யோசிக்கவேண்டும். செல்தட்டில் தேவைப்பட்ட அளவுக்கு அது கிட்டே வருவதில்லை.

அப்படியே உறிஞ்சுதலைக் கூட்டிய கேப்ஸ்யூல்கள் வந்தபோது செலவும் கூடவே வந்தது. 2019இல் இத்தாலியில் குர்குமின் கேப்ஸ்யூல் எடுத்தவர்களிடம் கல்லீரல் அழற்சி தொடர்ச்சியாகப் பதிவானது, அமெரிக்காவிலும் வந்தது. ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று தெரிகிறது. பைப்பரின் கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதியையும் தடுக்கும், ப்ரோமோக்ரிப்டின் உடைவது அந்த நொதியில்தான். ரசத்து மிளகைச் சொல்லவில்லை, கேப்ஸ்யூலைச் சொல்கிறேன். சமையல் மஞ்சளை யாரும் நிறுத்தவேண்டாம், அது கட்டிக்கு வைத்தியம் என்று நினைக்கவும் வேண்டாம்.

## சிலிபினின்

உண்மையிலேயே எனக்கு ஆவலைக் கிளப்புவது இது ஒன்றுதான். குஷிங்கில், கார்டிசால் எகிறியிருந்தும் கட்டிக்கு "போதும் நிறுத்து" என்ற செய்தி கேட்பதில்லை. கேட்கவேண்டிய ஏற்பியை எச்எஸ்பி90 என்ற புரதம் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது. மில்க் திசில் என்கிற முட்செடி விதையின் சிலிபினின் அந்தப் பிடியைத் தளர்த்தி, ஏற்பியை விடுவித்து, கட்டிக்குக் காது கேட்க வைக்கிறது என்று முனிச் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் 2015இல் காட்டினார்கள். எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைந்தது, குஷிங் அறிகுறிகளும் தணிந்தன. இதே பொருளை ஊசியாக, விஷக்காளான் சாப்பிட்டுக் கல்லீரல் போகிறவர்களுக்கு ஐரோப்பாவில் கொடுக்கிறார்கள், ஆகவே மனித உடம்புக்குப் புதியதும் இல்லை.

ஆனால் வாய்வழி எடுத்தால் இதுவும் சரியாக ஏறாது. கல்லீரல் மாத்திரை என்று நம் கடைகளில் கிடைக்கும் சிலிமரின், அதாவது அதே விதையின் சாறு, அந்த எலிக்குக் கிடைத்த அளவைத் தரும் என்று சொல்ல ஆளில்லை. குஷிங் காத்திருக்கிற நோயும் இல்லை. வைத்தியம் இல்லாத காலத்தில் ஐந்து வருடத்துக்குள் பாதிப்பேர் இறந்துபோனார்கள். கேட்டவரின் அம்மாவுக்கு மூக்கு வழி அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள், "ரெண்டு மாசம் இதைப் பாத்துட்டு அப்புறம் போகலாமா" என்றார். வேண்டாம் என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

குஷிங் உள்ளவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள். அதிமதுரம் வேண்டாம். அது சிறுநீரகத்தில் கார்டிசாலைச் செயலிழக்க வைக்கும் நொதியை அடைத்துவிடும். ஏற்கெனவே ஏறிய ரத்த அழுத்தம் இன்னும் ஏறும், பொட்டாசியம் சரியும். இருமல் லேகியத்திலும் இருக்கும், பார்த்து வாங்குங்கள். அமுக்கரா "கார்டிசாலைக் குறைக்கும்" என்பது மன அழுத்தம் உள்ளவர்களிடம் பார்த்தது, கட்டி கொட்டுகிற கார்டிசாலுக்கு அதில் பதில் இல்லை. மூட்டுவலிக்கென்று லேபிள் இல்லாத பொடி ஏதாவது சாப்பிடுகிறார்களா என்றும் விசாரியுங்கள்: அந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது, அதுவே குஷிங் முகத்தை வரவைக்கும்.

## அப்போ யாருக்கு எது

புரோலாக்டினோமா என்று உறுதியானால் கேபர்கோலின். அது ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ, கர்ப்பத்துக்குத் திட்டமிட்டு டாக்டர் மாற்றச் சொன்னாலோ ப்ரோமோக்ரிப்டின். சின்னக் கட்டிக்கு நல்ல கைராசியுள்ள சர்ஜன் கிடைத்தால் அறுவை சிகிச்சையையும் முதலிலேயே யோசிக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள், ஆயுசுக்கும் மாத்திரை வேண்டாம் என்பவர்கள் அதைக் கேட்டுப்பாருங்கள்.

அக்ரோமெகலிக்கும் குஷிங்குக்கும் முதல் வழி அறுவை சிகிச்சை. அக்ரோமெகலியில் மிச்சம் நின்றால் மாதாந்திர ஊசி, அதன் விலைதான் பலரை மூலிகைப் பக்கம் தள்ளுகிறது என்பது எனக்குத் தெரியும். அந்தக் கவலைக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று மருத்துவமனை கவுன்ட்டரில் கேட்பது குர்குமினைவிடப் பலன் தரும். சுரக்காத, 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த கட்டி என்றால் பலருக்கு ஸ்கேனை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதே வைத்தியம், எதையும் விழுங்கவேண்டியதில்லை. எந்த வகையானாலும் திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி, வாந்தி, பார்வை இரண்டாகத் தெரிவது வந்தால், கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம், அன்றைக்கே எமர்ஜென்சி.

இவ்வளவுக்கும் பிறகு ஏதாவது மூலிகை எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் மறைக்காதீர்கள். பெயரை மட்டும் சொல்லாமல் டப்பாவையே பையில் போட்டுக் கொண்டுபோய் மேஜைமேல் வையுங்கள், கூடவே வாயுத் தொல்லைக்கு விழுங்குகிற கேப்ஸ்யூல் அட்டையையும்.